இருமலுக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே

காசநோய்க் கிருமி அவசரப்படாத உயிர். நம் குடலில் வாழும் ஈ. கோலி பாக்டீரியா, சூழல் வாய்த்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்துவிடும். மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் ஒருமுறை பிரிய ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. அதைச் சுற்றிலும் கொழுப்பு நிறைந்த தடித்த சுவர். அந்தச் சுவரைத் தாண்டி உணவு உள்ளே போவதும் மெதுவாகத்தான், மருந்து போவதும் மெதுவாகத்தான். சாதாரண நிமோனியாவுக்கு ஒரு வாரம் மருந்து போதும் என்றால், காசநோய்க்கு ஆறு மாதம் தேவைப்படுவதற்கு இந்த மந்தகதியும் ஒரு காரணம். நோயைக் கண்டுபிடிப்பதில் மருத்துவம் நூறாண்டுக்கும் மேலாகத் திணறியதற்கும் அதுவும் ஒரு காரணம்.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோச் இந்தக் கிருமியை உலகுக்கு அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஸீல், நீல்சன் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்களின் பெயரைத் தாங்கிய சாயமேற்றும் முறை நிலைபெற்றது. சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சிவப்புச் சாயம் ஏற்றிச் சூடாக்கி, அமிலத்தால் கழுவினால் மற்றதெல்லாம் வெளுத்துவிடும். காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாது. பிறகு நுண்ணோக்கியின் கீழ் தகட்டை நகர்த்தி நகர்த்தி, நூறு புலங்கள் வரை தேடவேண்டும். நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘சளி டெஸ்ட்’ என்றால் மிக அண்மைக்காலம் வரை இதுதான். 1880களின் தொழில்நுட்பம் 2010 வரை உலகின் முதன்மையான காசநோய்ப் பரிசோதனையாக நீடித்தது. இவ்வளவு பேரைக் கொல்லும் ஒரு நோய் இவ்வளவு காலம் புதிய கருவி இல்லாமல் விடப்பட்டதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இது ஏழைகளின் நோய் என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

நுண்ணோக்கி மலிவானது, பொய் சொல்வது குறைவு. ஆனால் நிறையத் தவறவிடும். ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் தகட்டில் ஒன்றிரண்டு கண்ணில் படும். நோயின் தொடக்கத்தில் இருப்பவருக்கு அத்தனை இருக்காது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. குழந்தைகளுக்கோ சளியைக் காறித் துப்பவே தெரியாது. மிச்சமிருந்த வழி கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது. முட்டை கலந்த ஊடகத்தில் சளியை இட்டுக் காத்திருந்தால் மில்லிலிட்டருக்குச் சில பத்துக் கிருமிகள் இருந்தாலும் வளர்ந்துவிடும். ஆனால் நாளுக்கு ஒருமுறை மட்டுமே பிரியும் கிருமி, கண்ணுக்குத் தெரியும் அளவு திரள்வதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று பார்க்க மேலும் சில வாரங்கள். மருந்துக்கு அடங்காத கிருமியைச் சுமந்தவர் அத்தனை நாளும் பயனற்ற மாத்திரையை விழுங்கிக்கொண்டு, அதே கிருமியை வீட்டாருக்கும் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இந்தக் காத்திருப்பிலிருந்து தப்ப ஒரே வழி, கிருமி வளரும்வரை காத்திராமல் அதன் டி.என்.ஏ.வைத் தேடுவது. எந்த உயிருக்கும் அதற்கே உரிய எழுத்துவரிசை உண்டு. சளியில் நம் செல்களின் டி.என்.ஏ., வாயில் வாழும் நூற்றுக்கணக்கான பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. எல்லாம் கலந்து கிடந்தாலும், காசநோய்க் கிருமிக்கு மட்டுமே உரிய ஒரு துண்டைக் குறிவைத்து, அதை மட்டும் பல மடங்கு பெருக்க முடிந்தால் போதும். கிருமி தன் வேகத்தில் பெருகவேண்டியதில்லை; அதன் ஒரு துண்டை நாம் நம் வேகத்தில் பெருக்கிக்கொள்ளலாம்.

கோவிட் காலத்தில் பி.சி.ஆர். என்ற சொல் டீக்கடை வரை வந்துவிட்டதால் அதை இங்கே நீட்டி விளக்கவேண்டியதில்லை. கலிஃபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி முல்லிஸ் 1983இல் உருவாக்கிய முறை அது. சூடாக்கினால் டி.என்.ஏ.வின் இரு இழைகள் பிரியும். ஆறவைத்தால் குறிவைத்த இடத்தின் இரு எல்லைகளிலும் பிரைமர் என்ற குட்டித் துண்டுகள் ஒட்டும். பாலிமரேஸ் நொதி அங்கிருந்து புதிய இழையைக் கட்டும். ஒன்று இரண்டாகும். மீண்டும் சூடு, மீண்டும் ஆறுதல், இரண்டு நான்காகும். 30 சுற்றில் ஒரே ஒரு துண்டு 107 கோடியாகிவிடும். ஒவ்வொரு சூட்டிலும் நொதி வெந்து கெட்டுப்போவதுதான் தொடக்கத்தில் தொல்லையாக இருந்தது. அதைத் தீர்த்தது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்று. தாமஸ் பிராக் தம் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸுடன் 1960களில் அங்கே கண்டெடுத்த தெர்மஸ் அக்குவாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் நொதி கொதிநிலையை நெருங்கும் சூட்டையும் தாங்கும். மருந்துக்கோ பரிசோதனைக்கோ உதவும் என்று எண்ணி பிராக் அதைத் தேடவில்லை. சூட்டில் உயிர் எதுவரை தாங்கும் என்ற ஆர்வம்தான்.

இவ்வளவும் 1990களிலேயே கைவசம் இருந்தும், கிராமத்து நோயாளிக்கு எந்தப் பயனும் கிட்டவில்லை. ஏன் என்பதில்தான் இந்தக் கதையின் சுவை இருக்கிறது.

பி.சி.ஆரின் பலமே அதன் தலைவலி. ஒரு பரிசோதனை முடிந்ததும் குழாயில் கோடிக்கணக்கான பிரதிகள் கிடக்கும். மூடியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியாத திவலைகளாகச் சில ஆயிரம் காற்றில் பரவும். மிளகாய் வறுக்கும் வீட்டில் அடுத்த அறையில் இருப்பவருக்கும் தும்மல் வருவதைப் போல, அந்தத் திவலைகள் அடுத்த நோயாளியின் குழாயிலும் விழும். அவருக்கு நோயே இல்லாமல் இருக்கலாம். ஆனால் விழுந்த ஒரு பிரதி மீண்டும் கோடியாகி, ‘நோய் உண்டு’ என்று சொல்லிவிடும். இதனால்தான் பி.சி.ஆர். செய்யும் ஆய்வகங்களில் வேதிக் கலவை தயாரிக்க ஓர் அறை, மாதிரியிலிருந்து டி.என்.ஏ. பிரிக்க ஓர் அறை, பெருக்க ஓர் அறை என்று தனித்தனியாக வைத்து, ஆட்கள் ஒரே திசையில் மட்டுமே நகரும்படி விதி செய்கிறார்கள். அறைக்கு அறை தனி அங்கி, தனி பிப்பெட். ஒரு தாலுகா மருத்துவமனையில் இதற்கு எங்கே இடம்? பயிற்சி பெற்ற ஆட்கள் எங்கே?

இந்த முட்டுக்கட்டையை உடைத்த கருவி பிறந்ததற்குக் காசநோய் காரணமில்லை. 2001இன் இறுதியில் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமியின் ஸ்போர்கள், அதாவது வித்துகள், அடங்கிய கடிதங்கள் தபாலில் வந்தன. 22 பேருக்கு நோய் வந்தது, ஐந்து பேர் இறந்தார்கள், அவர்களில் தபால் ஊழியர்களும் உண்டு. தபால் பிரிக்கும் கூடங்களில் காற்றை இடைவிடாமல் சோதிக்க ஒரு கருவி தேவைப்பட்டது. அங்கே விஞ்ஞானிகள் இருக்கமாட்டார்கள், தனி அறைகள் இருக்காது, மனிதக் கை படாமல் எல்லாம் நடக்கவேண்டும். செஃபீட் என்ற கலிஃபோர்னிய நிறுவனம் உருவாக்கிய ஜீன்எக்ஸ்பர்ட் அந்த வேலையை ஏற்றது. தபால்கூடத்தில் செய்ய முடிந்ததை நோயாளியின் சளியிலும் செய்ய முடியாதா என்று கேட்டவர்களுள் முக்கியமானவர் நியூ ஜெர்சியின் மருத்துவ ஆய்வாளர் டேவிட் ஆலண்ட். ஜெனீவாவில் இயங்கும் ஃபைண்ட் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு கைகோத்தது. சில ஆண்டு உழைப்பில் காசநோய்க்கான கார்ட்ரிட்ஜ் தயாரானது. இந்தியாவில் அரசுத் திட்டத்தில் இதற்கு சிபிநாட் என்று பெயர். மருத்துவமனைகளில் நோயாளிகளும் அப்படியே சொல்கிறார்கள்.

உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். டெக்னீஷியன் செய்யவேண்டியது குறைவு. சளியுடன் இரண்டு மடங்கு கரைசல் சேர்த்துக் குலுக்கி 15 நிமிடம் வைப்பார். சோடியம் ஹைட்ராக்சைடும் ஐசோபுரோப்பனாலும் அடங்கிய அந்தக் கரைசல் சளியின் பிசுபிசுப்பைக் கரைக்கும். கிருமிகளையும் பெருமளவு கொன்றுவிடும். அதில் 2 மில்லிலிட்டரைக் கார்ட்ரிட்ஜில் விட்டு, மூடியை அழுத்தி மூடி, கருவிக்குள் செருகிக் கதவைச் சாத்துவார். அந்த மூடி இனித் திறக்கப்படாது. மிளகாய்ச் சிக்கல் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

உள்ளே நடுவில் ஒரு சுழலும் வால்வு. சுற்றிலும் சிறு அறைகள். வால்வு ஒவ்வோர் அறையாகத் திரும்பித் திரும்பி, நடுவிலுள்ள அழுத்துதண்டு திரவத்தை இழுத்தும் தள்ளியும் நகர்த்தும். கிருமிகள் ஒரு வடிகட்டியில் சிக்கும். சளியின் மற்ற கசடுகள் கழுவப்பட்டுப் போகும். பிறகு கேளா ஒலி அதிர்வு அந்தத் தடித்த சுவரை உடைத்து டி.என்.ஏ.வை வெளியே கொண்டுவரும். உலர்ந்த மணிகளாகக் காத்திருக்கும் நொதியும் பிரைமர்களும் அதில் கரையும். கலவை பின்புறமுள்ள தட்டையான மெல்லிய குழாய்க்குப் போய்ச் சேர, அங்கே சூடும் ஆறுதலும் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் கணினித் திரையில் விடை வந்துவிடும். கார்ட்ரிட்ஜில் முன்கூட்டியே தீங்கற்ற பாசிலஸ் ஸ்போர்களைச் சிறிதளவு வைத்திருப்பார்கள். சளியில் காசநோய்க் கிருமி இல்லாவிட்டாலும் அந்த ஸ்போர்களையாவது கருவி கண்டுபிடிக்கவேண்டும். அதையும் காணவில்லை என்றால் ‘நோய் இல்லை’ என்று சொல்லாது. சோதனையே செல்லாது என்று சொல்லும். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இந்த ஏற்பாடு நோயாளிக்குப் பெரிய பாதுகாப்பு.

விடை வரும் விதம் இன்னும் அழகு. அதைக் காட்டுபவை 1996இல் சஞ்சய் தியாகியும் ஃபிரெட் கிரேமரும் நியூயார்க்கில் வடிவமைத்த மூலக்கூறு ஒளிக்காட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு குட்டி டி.என்.ஏ. இழை. அதன் ஒரு முனையில் ஒளிரும் சாயம். மறுமுனையில் அந்த ஒளியை விழுங்கும் மூலக்கூறு. சும்மா இருக்கும்போது இழை மடிந்து இரு முனைகளும் அருகருகே கிடக்கும், ஒளி தெரியாது. தனக்குச் சரியாகப் பொருந்தும் வரிசை எதிர்ப்பட்டால் மடிப்பு அவிழ்ந்து அதனுடன் ஒட்டிக்கொள்ளும், முனைகள் விலகும், ஒளி தெரியும். ஓர் எழுத்து பிசகினாலும் இந்த இழை மடிந்தே கிடப்பதை விரும்பும்.

அந்தக் கறார்த்தனத்தை ஆலண்டின் குழு பயன்படுத்திய விதம்தான் இந்தப் பரிசோதனையின் உயிர். காசநோய் மருந்துகளில் மிக வலிமையானது ரிஃபாம்பிசின். கிருமி தன் டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதியில் அது ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்தும். ஒட்டும் இடத்தைக் கிருமி மாற்றிக்கொண்டால் மருந்து பலிக்காது. அப்படி மாறும் கிருமிகளில் 95 விழுக்காடு அளவுக்கு, மாற்றம் ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவின் 81 எழுத்துக்களே கொண்ட ஒரு சிறு பகுதியில்தான் நிகழ்கிறது. அந்த 81 எழுத்துக்களையும் ஐந்து ஒளிக்காட்டிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஐந்தும் ஒளிர்ந்தால் காசநோய் உண்டு, ரிஃபாம்பிசின் வேலை செய்யும். நான்கு ஒளிர்ந்து ஒன்று ஒளிராவிட்டாலோ, சில சுற்றுகள் பிந்தி ஒளிர்ந்தாலோ, அந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமி. எந்த எழுத்து எப்படி மாறும் என்று முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டியதில்லை. இயல்பான வரிசைக்கு மட்டும் காட்டி செய்துவைத்து, அது எங்கே இருண்டுபோகிறது என்று பார்த்தால் போதும். மூன்று மாதக் காத்திருப்பைப் போக்கிய யோசனை இது.

இந்தக் கார்ட்ரிட்ஜைச் சோதித்து 2010 செப்டம்பரில் வெளிவந்த ஆய்வு லிமா, பாகு, கேப் டவுன், டர்பன், மும்பை ஆகிய ஊர்களில் 1,730 பேரிடம் நடந்தது. நுண்ணோக்கியிலும் தெரிந்த காசநோயில் 98.2 விழுக்காட்டை ஒரே ஒரு சோதனை பிடித்தது. நுண்ணோக்கி தவறவிட்டு, கல்ச்சர் மட்டுமே காட்டிக்கொடுத்தவர்களில் 72.5 விழுக்காட்டையும் பிடித்தது. அவ்வாண்டு டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. 2012இல் நன்கொடை அமைப்புகள் பேரம் பேசி, கார்ட்ரிட்ஜ் விலையை ஏழை நாடுகளுக்கு 16.86 டாலரிலிருந்து 9.98 டாலராகக் குறைத்தன. அதே பெட்டியில் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் எபோலாவையும் பார்க்கலாம், எச்.ஐ.வி. வைரஸின் அளவையும் பார்க்கலாம், பின்னாளில் கோவிட்டையும் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் பலரும் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு முடிக்க மனம் வரவில்லை, ஏனென்றால் அடுத்து நடந்ததுதான் நாம் கற்கவேண்டியது.

தென்னாப்பிரிக்கா 2011இல் நாடு முழுக்க நுண்ணோக்கியை விட்டு இந்தக் கருவிக்கு மாறத் தொடங்கியது. அந்த மாற்றத்தோடு சேர்த்தே ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வும் நடந்தது. சில ஆய்வகங்களுக்குப் புதிய கருவி, சிலவற்றுக்குப் பழைய நுண்ணோக்கி; நாலாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள்; ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவு: இறப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அதற்கு முன்னரே, ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் நர்ஸுகளே கருவியை இயக்கிப் பார்த்த இன்னோர் ஆய்வும் இதே பாங்கில் வந்திருந்தது. அன்றே மருந்து தொடங்கியவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் சில மாதங்கள் கழித்து நோயின் கடுமையில் வித்தியாசம் தெரியவில்லை.

இவ்வளவு நல்ல கருவி, ஆனால் பலன் இல்லை. இது எப்படி?

ஒரு காரணம், மருத்துவர்கள் ஏற்கெனவே சோதனையை நம்பிக் காத்திருக்கவில்லை. நுண்ணோக்கி தவறவிடும் என்று தெரிந்தவர்கள் எக்ஸ்ரேவையும் நோயாளியின் மெலிவையும் பார்த்து மருந்தைத் தொடங்கிவிட்டிருந்தார்கள். புதிய கருவி உறுதிப்படுத்திய பலர், பழைய முறையிலும் எப்படியோ மருந்து பெற்றிருப்பார்கள். இன்னொரு காரணம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. கருவி இருந்தது மையப்படுத்தப்பட்ட ஆய்வகத்தில். நோயாளி கிளினிக்கில் சளி கொடுப்பார். டப்பா மறுநாள் வண்டியேறும். ஆய்வகத்தில் வரிசையில் நிற்கும். கருவிக்குள் இரண்டு மணி நேரம். பிறகு முடிவு தாளாகவோ செய்தியாகவோ கிளினிக்குக்குத் திரும்பும். அதற்குள் நோயாளி வேலைக்குப் போயிருப்பார், ஊர் மாறியிருப்பார், தொலைபேசி எண் மாறியிருக்கும். ‘இரண்டு மணி நேரப் பரிசோதனை’ என்று நாம் சொல்வது கார்ட்ரிட்ஜின் நேரம். நோயாளியின் நேரம் அவர் இருமத் தொடங்கிய நாளில் ஆரம்பித்து முதல் மாத்திரையை விழுங்கும்போது முடிகிறது. நாட்கள் கரைவது பெரும்பாலும் கருவிக்கு வெளியேதான்.

இதற்கு நல்ல சான்று உகாண்டாவிலிருந்து வந்தது. அங்கே 20 கிராமப்புற சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டார்கள். பத்தில் வழக்கம்போல சளியை வெளியே அனுப்பினார்கள். மற்ற பத்தில் ஒரே ஒரு கார்ட்ரிட்ஜை ஏற்கும் சிறிய ஜீன்எக்ஸ்பர்ட்டை அங்கேயே வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. வந்த அன்றே சோதித்து அன்றே மருந்து கொடுக்கும்படி வேலைமுறையையே மாற்றினார்கள். ஒவ்வொரு நிலையமும் எப்படிச் செய்கிறது என்று அவ்வப்போது அவர்களுக்கே காட்டினார்கள். 2021இல் வந்த முடிவின்படி, 14 நாளுக்குள் உறுதியான காசநோய்க்கு மருந்து தொடங்கியவர்கள் வழக்கமான நிலையங்களில் 220, மாற்றிய நிலையங்களில் 342. தென்னாப்பிரிக்காவில் பயன்பட்டதும் இந்த வேதியியல்தான். பெட்டி இருந்த இடமும் அதைச் சுற்றி மனிதர்கள் நடந்துகொண்ட முறையும்தான் மாறின.

இதில் நம் ஊருக்கு ஒரு பழைய உறவு உண்டு. 1950களில் காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கவேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு என்று உலகமே நம்பியது. இந்தியாவில் இருந்த படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு எந்த மூலைக்கும் போதாது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிசிகிச்சை மையம், நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை நெருக்கடியான அவரவர் வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகையே புரட்டிப்போட்டது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்கும் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சேத்துப்பட்டு ஒரு முக்கியக் காரணம். சிகிச்சை அன்றே வீட்டுக்கு வந்துவிட்டது. பரிசோதனை வீட்டுக்கு அருகில் வர இன்னும் அறுபது ஆண்டு ஆனது. இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

வரவிடாமல் தடுத்தவற்றில் சில சின்ன விஷயங்கள். வழக்கமான ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கு அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. மே மாதத்து வேலூரில் அதற்கு ஏ.சி. வேண்டும். ஏ.சி.க்கு மின்சாரம் வேண்டும். சோதனை நடுவில் மின்சாரம் போனால் ஒரு கார்ட்ரிட்ஜ் வீண். இதைத் தாண்டத்தான் பெங்களூரின் பிக்டெக் ஆய்வகமும் கோவாவின் மோல்பியோவும் ட்ரூநாட்டை உருவாக்கின. சந்திரசேகர் நாயர் தலைமையில் அந்தக் குழு பல ஆண்டு உழைத்தது. இதில் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க ஒரு சிறு பெட்டி, பெருக்கிப் பார்க்க இன்னொரு பெட்டி. சோதனை நடப்பது நகத்தளவு சிப்பில். பேட்டரியில் இயங்கும், ஏ.சி. அறை கேட்காது. காசநோய் உண்டு என்று தெரிந்தால், அதே டி.என்.ஏ.விலிருந்து இன்னொரு சிப்பில் ரிஃபாம்பிசின் சோதனை. 2020இல் உலக சுகாதார நிறுவனம் இதையும் பரிந்துரைத்தது. கார்ட்ரிட்ஜ் அளவுக்கு இது தானியங்கி இல்லை, டெக்னீஷியனின் கை கூடுதலாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அது வந்து சேர்கிறது. கிராமத்து நோயாளிக்கு அதுதானே முக்கியம்.

சூடும் ஆறுதலுமான சுழற்சியே தேவையில்லை என்ற இன்னொரு பாதையும் உண்டு. 2000இல் ஜப்பானின் ஐக்கென் நிறுவனத்தில் நோத்தோமியின் குழு லாம்ப் என்ற முறையை வெளியிட்டது. சுமார் 65 டிகிரியில் ஒரே சூட்டில் வைத்தால் போதும். பிரைமர்கள் கண்ணிகளாக மடிந்து டி.என்.ஏ. தானே பெருகும். சூடான ஒரு கட்டையும் புற ஊதா விளக்கும் இருந்தால் ஒளி தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்துவிடலாம். 2016இல் இதற்கும் பரிந்துரை கிடைத்தது. மருந்துக்கு அடங்குமா என்று அதனால் சொல்ல முடியாது. அதனால் மருந்து எதிர்ப்பு மிகுந்த நம் நாட்டில் அது பின்தங்கியது.

இந்தக் கருவிகள் எவ்வளவு தேவைப்பட்டவை என்பதை 2020 காட்டியது. கோவிட் வந்ததும் காசநோய்க்கு வாங்கிய சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் கொரோனா சோதனைக்குத் திரும்பின. சளி டப்பாக்கள் காத்திருந்தன, மக்களும் வெளியே வரவில்லை. இந்தியாவில் 2019இல் பதிவான காசநோயாளிகள் 24 லட்சம். 2020இல் 18 லட்சம். நோய் குறைந்துவிடவில்லை. கணக்கில் காணாமல்போன அந்த ஆறு லட்சம் பேர் எங்கோ இருமிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கருவி எங்கே தவறும் என்பதையும் சொல்லவேண்டும். டி.என்.ஏ. செத்த கிருமியிலும் இருக்கும். முன்பு சிகிச்சை முடித்த ஒருவரின் நுரையீரலில் செத்த கிருமிகளின் மிச்சம் வெகுநாள் கிடக்கலாம். சோதனை ‘உண்டு’ என்று சொல்லும், நோயோ தீர்ந்திருக்கும். அதனால்தான் மருந்து பலிக்கிறதா என்று இடையிடையே பார்ப்பதற்கு நுண்ணோக்கியும் கல்ச்சருமே இன்றும் பயன்படுகின்றன. 2017இல் வந்த அல்ட்ரா கார்ட்ரிட்ஜ் இன்னும் நுட்பமானது. கிருமியின் மரபுத்தொகுதியில் பலமுறை திரும்பத் திரும்ப வரும் வரிசைகளைத் தேடுவதால், மில்லிலிட்டருக்கு நூற்றுக்குமேல் வேண்டியிருந்த இடத்தில் பதினாறு கிருமி இருந்தாலே பிடித்துவிடும். கூடவே ‘மிகச் சிறிதளவு’ என்றொரு புதிய விடையும் வரத் தொடங்கியது. முதல்முறை நோய் வந்த குழந்தைக்கு அந்த விடை என்றால் மருந்தைத் தொடங்கவேண்டும். மூன்றாண்டு முன் சிகிச்சை முடித்தவருக்கு அதே விடை என்றால் மருத்துவர் எக்ஸ்ரேவையும் நோயாளியையும் சேர்த்துப் பார்த்து யோசிக்கவேண்டும். விடை ஒன்றுதான், பொருள் இரண்டு.

எஸ்வாட்டினி நாட்டில் நடந்தது இன்னும் கடுமையான பாடம். அங்கே 2009 ஆய்வில் கிடைத்த பலமருந்து எதிர்ப்புக் கிருமிகளில் சுமார் 30 விழுக்காட்டில், மாற்றம் அந்த 81 எழுத்துக்களுக்கு வெளியே, 491ஆம் இடத்தில் இருந்தது. ஐந்து ஒளிக்காட்டிகளும் ஒளிர்ந்தன. கருவி ‘ரிஃபாம்பிசின் பலிக்கும்’ என்று சொல்லியது, பலிக்கவில்லை. ஓரிடத்தை மட்டும் பார்க்கும் சோதனையைப் பெருமளவில் நம்பும்போது, அந்த இடத்துக்கு வெளியே மாறிய கிருமியே சோதனையில் சிக்காமல் பரவும். கல்ச்சரை மூட்டைகட்டிவிடக் கூடாது என்று சொல்பவர்கள் பழமைவாதிகள் இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் அண்மையில் நல்ல செய்தி வந்திருக்கிறது. குழந்தை சளியைத் துப்பாது, விழுங்கிவிடும். விழுங்கிய கிருமியின் டி.என்.ஏ. மலத்தில் வெளிவரும். முன்பெல்லாம் காலை வெறும் வயிற்றில் மூக்கு வழியே குழாய் விட்டு இரைப்பைத் திரவத்தை உறிஞ்சவேண்டியிருந்தது. குழந்தையும் அழும், தாயும் அழுவாள். இப்போது மலத்தைச் சிறிதளவு எடுத்து அதே கார்ட்ரிட்ஜில் சோதிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்திருக்கிறது. நாக்கைத் துடைத்தெடுத்த பஞ்சுக்குச்சியில் கிருமியைத் தேடும் ஆய்வுகளும் நடக்கின்றன. சளியே வராத பெரியவர்களுக்கும் அது வழி திறக்கலாம்.

சோதனை எவ்வளவு சீக்கிரம் வந்தாலும், விடை கிடைத்த நாளில் என்ன செய்கிறோம் என்பது மிச்சமிருக்கிறது. காசநோயில் இறப்பவர்களில் பலர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். கிருமிக்கு மருந்து பலித்துக்கொண்டிருக்கும், உடல் தாக்குப்பிடிக்காது. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதைத்தான் குறிவைக்கிறது. நோய் உறுதியான உடனே சுகாதார ஊழியர் நோயாளியின் உயரத்தையும் எடையையும் எடுக்கிறார், கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார், மூச்சை எண்ணுகிறார், விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டுகிறார், பிடிப்பில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்கிறார். மிகவும் மெலிந்தவர், மூச்சு வாங்குபவர், நிற்க முடியாதவர் என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்கிறார்கள். இத்தனைக்கும் எடைத்தராசும் விரல்மாட்டியும் சில நிமிடங்களும் போதும். சிபிநாட் முடிவு வந்த அன்றே இது நடந்தாகவேண்டும். ஒரு வாரம் கழித்துச் செய்தால், அதற்குள் சிலர் இருக்கமாட்டார்கள்.